கணுக்கால் தண்ணீர்

குளியலறைத் தரையில் தேங்கி நின்ற தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அன்று காலை அந்த அறைக்குள் முதலில் கால் வைத்தவள் அவள்தான். கணவர் சரக்கு வண்டியோடு வெளியூர் போயிருந்தார். நாத்தனார் இன்னும் எழுந்திருக்கவில்லை. அடைத்த கதவுக்குப் பின்னால் அவளுடைய மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. இரவு முழுவதும் யாரும் குழாயைத் திறக்காத அறையில் கணுக்கால் மூழ்கத் தண்ணீர், அதுவும் யாரோ இப்போதுதான் குளித்துவிட்டுத் துவட்டிக்கொண்டு போன சூட்டில். ஹீட்டர் சுவிட்சைப் பார்த்தாள். அணைந்திருந்தது. ஹீட்டரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ளிவிட்டுப் போயிருப்பாள். இவள் அப்படிப்பட்டவள் இல்லை. பாடப்புத்தகங்கள் அச்சடிக்கும் இடத்தில் மெய்ப்புத் திருத்துவது இவள் வேலை. ஒரு பக்கத்தை எட்ட நின்று பார்த்தாலே எந்த வரியில் ஒற்று விட்டுப் போயிருக்கிறது என்று இவள் மூக்கில் வியர்த்துவிடும். மெய்ப்பு என்ற சொல்லுக்குள்ளேயே மெய் இருக்கிறதாக்கும் என்று சொல்லிக்கொள்வாள். அந்தக் கண்ணோடு வீட்டுக்கு வந்தால் வீடு என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. பிழை கண்ணில் பட்டுவிட்டால் அதைச் செய்தவர் யார் என்று தெரியாமல் இவளுக்குச் சோறு இறங்காது.

செய்தவள் யார் என்பதில் இவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வீட்டில் முழங்காலைத் தொடும் கூந்தல் ஒருத்திக்குத்தான் உண்டு.

கணவரின் தங்கையை வீட்டில் எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். சக்கரம் வைத்த ஒரே ஒரு பெட்டியோடும், காதுக்குக் கீழே கூந்தலால் மறைத்த கன்றிப்போன காயத்தோடும் குட்டி இந்த வீட்டுக்கு வந்தபோது, கட்டிப்பிடித்து உள்ளே அழைத்துப் போனவள் இவள்தான். பொய்யில்லை. மனதார அழைத்தாள். ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சும்மாவா சொன்னார்கள்? மாதங்கள் ஓடிவிட்டன. இரண்டு அறை, ஒரு கூடம், ஒரே ஒரு குளியலறை. சோப்பு சீக்கிரம் கரைகிறது. துண்டு எப்போதும் ஈரமாகவே தொங்குகிறது. குட்டி இந்த வீட்டை விட்டுப் போனால் அவளுக்குத் திறந்திருக்கும் இன்னொரு கதவு அந்தக் காயத்தைக் கொடுத்த புருஷனுடையது மட்டும்தான் என்பது இவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். கட்டிய வாய்க்குள் என்னென்ன ஊறும் என்பது வேறு கதை.

இருவருக்கும் நேரம் ஒத்து வருவதில்லை. குட்டிக்கு மருந்துக் கடையில் வேலை. மதியத்துக்கு மேல் போய் இரவுச் சாப்பாட்டு வேளைக்குத்தான் திரும்புவாள். இவள் அச்சகத்திலிருந்து மதியமே வந்து, மீதி வேலையை மேசைமேல் பரப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அந்த நேரத்தில்தான் தினமும் நடையின் கடைசியில் ஷவர் சத்தம் கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, எழுந்து போய்க் கதவைத் தட்டுவாள்.

"குட்டி, முடிஞ்சுதா?"

"இதோ வரேன் அண்ணி."

திரும்ப வந்து உட்கார்ந்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிடும். குட்டி வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள் போல என்று நினைத்துக்கொள்வாள். பிறகு கால் கழுவப் போனால் தரையில் கணுக்கால் தண்ணீர்.

அன்று விடுமுறை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஸ்குரூ டிரைவரால் நெம்பித் தண்ணீர் போகும் குழிமேல் இருந்த ஜாலியைத் தூக்கினாள். அதன் அடியில் கவிழ்ந்திருந்த பிளாஸ்டிக் கிண்ணத்தைச் சுழற்றி எடுத்தாள். உட்புறம் முழுவதும் சோப்பு நுரை உறைந்து, சாம்பல் நிறத்தில் வழவழத்தது. சாக்கடை நாற்றம் வரும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டவள், கையை எடுத்ததும் திகைத்தாள். நாற்றமே இல்லை. தலைக்குக் குளித்துவிட்டு வெயிலில் உலர்த்தும் கூந்தலின் வாசனை, அந்தக் குழிக்குள்ளிருந்து மெல்ல, மூச்சு விடுகிற மாதிரி, விட்டு விட்டு வந்தது.

கம்பியை வளைத்து உள்ளே விட்டாள். சிக்கியது. இழுத்தாள். முடி. கறுப்பாக, அடர்த்தியாக, தன் கை நீளத்துக்கு வந்தது. அதற்கு மேலும் வந்தது. இடது கையில் சுற்றிச் சுற்றி இழுத்தாள். எங்கே முடிகிறது என்று தெரியாமல், கடைசியில் ஏதோ ஓர் இடத்தில் இழு என்று இழுத்ததும் அது பட்டென்று அறுந்தது. அறுந்த நொடியில் குழாய்க்குள் வெகு ஆழத்தில் ஒரு சத்தம். யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தது போல.

"காத்து," என்று வாய்விட்டே சொன்னாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவள் அரளுகிற ஜாதி இல்லை.

சோடா உப்பைக் கொட்டினாள். வினிகரை ஊற்றினாள். அது பொங்கி அடங்கியதும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். ரப்பர் பம்பை வைத்துக் கை வலிக்க அழுத்தினாள். தண்ணீர் தரை தெரிய இறங்கியது. அவள் நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொள்வதற்குள், அவசரமே இல்லாமல், மறுபடி மேலே வந்து பழைய அளவில் நின்றது. எடுத்த முடியை எறியவில்லை. சாட்சி வேண்டுமே. பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு வைத்தாள்.

கணவரிடம் போனில் சொன்னாள்.

"முடிதானே, எடுத்துப் போட்டுட்டு வேலையப் பாரு," என்றார். பின்னால் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"எடுத்துப் போட நான் இருக்கேன். போடறதுக்கு உங்க தங்கச்சி இருக்கா."

"அவகிட்ட எதுவும் கேக்காத. பாவம்."

"நான் மட்டும் என்னவாம்?"

"கிணறு வெட்டப் பூதம் கெளம்பின கதையா ஆக்காத, அவ்வளவுதான் சொல்லுவேன். பிளம்பரக் கூப்பிடு," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். காலையிலேயே பிளம்பர் வந்தார். வாய் ஓயாத மனிதர். கைப்பையைக் கீழே வைக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். "பழைய லைன் மேடம். கட்டினவன் சரிவே குடுக்கல. இதே மாதிரி ஒரு வீட்ல என்ன எடுத்தேன் தெரியுமா? பல் செட்டு. முழு செட்டு. பெரியவரு ஆறு மாசமா மருமகளச் சந்தேகப்பட்டுட்டு இருந்திருக்காரு." தானே சிரித்துக்கொண்டார். சந்தேகம் என்ற சொல் இவளுக்குச் சுருக்கென்றது; சிரிக்கவில்லை.

சுருள் கம்பியைக் குழிக்குள் விட்டு, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே போனார். கம்பி போய்க்கொண்டே இருந்தது. "மாட்டிக்கிச்சு," என்றார். மெதுவாக இழுத்தார். கம்பியின் நுனியோடு கறுப்பாக ஒன்று வந்தது. அவர் அதைக் குழாயடியில் பிடித்துக் கழுவியதும் இருவரும் பார்த்தார்கள்.

பின்னல். மூன்று கால் எடுத்து, இறுக்கமாக, ஓர் இழை பிசகாமல் பின்னிய ஜடை.

"இது தானா சுத்திக்கிட்டது இல்ல மேடம்," என்றார் பிளம்பர். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அதைத் தரையில் வைத்துவிட்டு மறுபடி கம்பியை விட்டார். கொஞ்ச தூரம் போனதும் கையை நிறுத்தினார். நிறுத்திய கைக்குள் கைப்பிடி சுற்றியது. அவர் சுற்றவில்லை, இவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் விரல்கள் அசையவே இல்லை. கைப்பிடி ஒரு சுற்று, இன்னொரு சுற்று, நிதானமாகத் திரும்பி, வெளியே இருந்த கம்பியை உள்ளே வாங்கிக்கொண்டது. அவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"வீட்ல இப்ப வேற யாராச்சும் இருக்காங்களா?"

"நாத்தனார். தூங்கறா. ஏன்?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

பெரிய கம்பி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனார். போட்ட கம்பியை அப்படியே குழிக்குள் விட்டுவிட்டுப் போனார். பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் அவருடைய போன் எடுபடவில்லை. வேலை தெரியாதவன், பயந்து ஓடிவிட்டான் என்று தீர்த்துவிட்டாள். அவளுடைய மனம் அந்தக் கைப்பிடியில் நிற்கவில்லை. ஜடையில் நின்றது. தானாக உதிர்ந்த முடி தானாகப் பின்னிக்கொள்ளுமா? யாரோ உட்கார்ந்து பின்னியிருக்க வேண்டும். பின்னி, ஜாலியைத் தூக்கி, உள்ளே திணித்திருக்க வேண்டும். வேண்டுமென்றே. தன்னை இந்தக் குழிமுன் மண்டி போட வைப்பதற்காகவே. அப்படி நினைத்துப் பார்த்ததும் எல்லாம் பொருந்தியது. பொருந்திவிட்டால் இவளுக்கு அது மெய்.

குட்டி எழுந்து முகம் கழுவப் போகிற நேரத்தில் வழிமறித்தாள். ஜடையையும் சேர்த்துப் போட்டிருந்த பையை நீட்டினாள்.

"இது என்ன?"

குட்டி பார்த்தாள். முகம் வெளுத்தது. அதைத் தொடாமல் ஓரடி பின்னால் போனாள்.

"என் முடி இல்ல அண்ணி."

"பின்ன என்னுதா? எனக்கு இருக்கறது எலிவால்."

"நான் அந்த பாத்ரூம்ல குளிச்சே ரொம்ப நாளாச்சு அண்ணி. கடையிலதான் குளிக்கறேன். பின்பக்கம் ஒரு பாத்ரூம் இருக்கு. அதுக்குத்தான் சீக்கிரமே கெளம்பிடறேன், நீங்க ஆபீஸ்ல இருந்து வர்றதுக்கு முன்னாடியே."

"தினமும் மத்தியானம் நான் கதவத் தட்டறேன். நீ பதில் சொல்ற."

குட்டி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், குளியலறைக் கதவைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் வந்த புதுசுல ஒரு நாள் குளிச்சிட்டிருந்தேன். நீங்க தட்டி, முடிஞ்சுதான்னு கேட்டீங்க. நான் வாயத் தெறக்கறதுக்குள்ள பதில் வந்துடுச்சு அண்ணி. என் குரல்ல. கீழ இருந்து."

இவள் முதுகில் ஏதோ ஊர்ந்தது. ஊர்ந்ததை உதறிவிட்டாள். பயத்தை ஒப்புக்கொள்வதைவிடக் கோபப்படுவது சுலபம், எல்லோருக்கும் சுலபம். நாக்கு நுனியில் என்ன இருந்ததோ அது வந்து விழுந்தது.

"நல்லாக் கதை கட்டற. உன் புருஷன் அடிச்சான்னு சொன்னியே, அதுவும் இப்படிக் கட்டினதுதானா?"

குட்டியின் கை காதுக்குக் கீழே போனது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மாடியில் துணி காய்ந்துகொண்டிருப்பது நினைவுக்கு வர, இவள் படியேறிப் போனாள். ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, மடித்து, தோளில் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே நேரம் கடத்திவிட்டு இறங்கினாள். சொன்னது தப்பு என்று தெரியும். கேட்டுவிடலாம், மன்னிப்பெல்லாம் இல்லை, காபி வேண்டுமா என்று கேட்டால் போதும், குட்டிக்குப் புரியும். குட்டியின் கதவு சாத்தியே இருந்தது. அப்புறம் கேட்போம் என்று வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு மெய்ப்பைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆறாம் வகுப்பு இலக்கணப் பாடம். ஒரு பக்கம் போயிருக்கும். நடையிலிருந்து குரல் கேட்டது.

"அண்ணி, வரேன்."

வேலைக்குக் கிளம்பிவிட்டாள். குரலில் கோபம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"ம். போயிட்டு வா."

எத்தனை சண்டையானாலும் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களைப் போ என்று சொல்லிப் பழக்கமில்லை. பால் பல் விழுவதற்கு முன்பே வாய்க்குப் பழகிப்போகிற சொல். யோசித்தா சொல்கிறோம்?

சொல்லி முடித்ததும் குளியலறையில் ஒரு பெரிய மடக் சத்தம் கேட்டது. ஒரு குடம் தண்ணீரை ஒரே வாயில் விழுங்கிய மாதிரி. இன்னொரு மடக். பிறகு நீளமாக, நன்றாக, தடையில்லாமல் இறங்கும் ஓசை.

எழுந்து ஓடினாள். தரை காய்ந்திருந்தது. துளித் தண்ணீர் இல்லை. ஜாலி அதன் இடத்தில் அழகாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. பிளம்பரின் கம்பியைக் காணோம். குழாயைத் திறந்தாள். விழுந்த தண்ணீர் விழுந்த வேகத்தில் சுழித்துக்கொண்டு உள்ளே ஓடியது. நின்று ரசித்தாள். இத்தனை நாள் பாடுபட்டதற்கு ஒரு வழியாக விடிந்தது என்று தனியாகச் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே வாசலைப் பார்த்தாள். தாழ்ப்பாள் உள்ளே போட்டபடி இருந்தது.

அவள் போட்ட தாழ்ப்பாள். மாடியிலிருந்து வந்ததும் போட்டது.

குட்டியின் அறைக் கதவைத் தள்ளினாள். சாத்தியிருந்ததே தவிரப் பூட்டவில்லை. கட்டில்மேல் போர்வை மடித்து வைத்திருந்தது. பெட்டி இல்லை. கூடத்து மேசைமேல் போன் அதிர்ந்தது. ஓடி வந்து எடுத்தாள். குட்டி.

"அண்ணி." அழுதுகொண்டிருந்தாள். பின்னால் பேருந்துகளின் இரைச்சல். "மன்னிச்சிருங்க அண்ணி. சொல்லிக்காம வந்துட்டேன். நீங்க துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தீங்க. உங்க மொகத்தப் பாத்தா கெளம்ப முடியாதுன்னு தோணிச்சு."

"சொல்லிக்கலையா?" என்றாள் இவள். வேறு எதுவும் வாயில் வரவில்லை. "நீ சொல்லிக்கலையா?"

"இல்ல அண்ணி. தப்புதான்."

"எங்க போற?"

பேருந்துச் சத்தம் மட்டும் கேட்டது.

"அங்கயா? அவன்கிட்டயா? குட்டி, வேணாம். நான் சொன்னது தப்பு. வாய் தவறிச்சு. நீ திரும்பி வா."

"வரட்டுமா அண்ணி?"

"வா. இப்பவே வா."

"போன்ல சார்ஜ் இல்ல, அண்ணி, நான்" என்று தொடங்கியது பாதியில் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது.

நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். கூடத்தின் விளக்கைப் போட்டாள். நடையின் விளக்கைப் போட்டாள். மெய்ப்புத் தாள்கள் மேசையில் கிடந்தன. பாடத்தில் ஒரு வரிக்குக் கீழே அவளே பென்சிலால் கோடு போட்டிருந்தாள். முடியாமல் தொங்குவது எச்சம். முடிவது முற்று. போயிட்டு என்பது வெறும் எச்சம். அவள் சொன்ன வாக்கியத்தில் கட்டளை அது இல்லை. கட்டளை வா.

குட்டி சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொண்டது வேறு. அதற்கு இவள் உத்தரவு கொடுத்திருக்கிறாள். போயிருக்கிறது. போய், எந்த வழியாக, எந்த உருவத்தில் திரும்பி வரும்?

சோவென்று சத்தம் எழுந்தது. துள்ளி எழுந்து குளியலறைக்கு ஓடினாள். ஷவர் மூடியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை. ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய பிறகும் அதே சத்தம். மழையா, ஷவரா என்று காதுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. குளியலறைக் கதவை இழுத்துச் சாத்தி வெளியே கொக்கி போட்டாள். ஒரு நாற்காலியை அண்டக் கொடுத்தாள். அப்படியும் போதவில்லை. கூடத்துக்கு வந்து, வாசல் கதவுக்கும் நடைக்கும் நடுவில், இரண்டையும் பார்க்கும்படி நின்றாள்.

வாசல் கதவு தட்டும் ஓசை.

"அண்ணி, வந்துட்டேன். கதவத் தெறங்க."

இவள் நகரவில்லை. பேருந்து நிறுத்தம் தெருமுனையைத் தாண்டித்தான் இருக்கிறது. ஆனாலும் இவ்வளவு சீக்கிரமா? இந்த மழையிலா?

"யாரு?"

"நான்தான் அண்ணி."

நான்தான். யார் வேண்டுமானாலும் நான்தான். கதவோரம் போனாள். கீழே பார்த்தாள். கதவிடுக்கின் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. மெல்லிய கோடாக. பிறகு அகலமாக. அவள் கால் விரலை நோக்கி.

பின்னால் போனாள்.

"அண்ணி, நனையறேன். தெறங்க."

அதே குரல். கதவுக்கு வெளியே தினமும் இவள் நின்று கேட்ட குரல். இப்போது இவள் உள்ளே.

"நீ குட்டின்னா சொல்லு. இன்னிக்கு நான் உன்ன என்ன சொல்லித் திட்டினேன்?"

கதவுப் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"சொல்லு."

"அத எதுக்கு அண்ணி இப்ப..."

"சொல்லு. வார்த்த மாறாமச் சொல்லு."

மழை. மழை மட்டும். அல்லது ஷவர். பதில் வரவில்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தாளோ, வரவே இல்லை. தெரிந்திருந்தால்தானே சொல்ல? இவளுக்குப் பொருந்திவிட்டது. எல்லாம் பொருந்தியது. தண்ணீர் கால் விரலைத் தொட்டது.

ஒரு தடவை தவறியாயிற்று. இந்தத் தடவை எச்சம் வேண்டாம். வா என்ற சொல் வாய்க்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து எவரையும் பார்த்துச் சொல்லாத சொல்லை, அது மட்டுமாக, வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

"போ."

குரலை உயர்த்தினாள்.

"போன்னு சொல்றேன் இல்ல. போ."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, தெளிவாக.

"சரி அண்ணி. போறேன்."

இவள் மூச்சு விட்டாள். போய்விட்டது. ஒழிந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். வெளியே படியில் டக் என்று ஒரு சத்தம். அடுத்த படியில் டக். பிறகு ஈரச் சிமெண்டில் கரகரவென்று உருளும் சக்கரங்கள்.

பெட்டி.

குழாய்க்குள் இருப்பதற்கு ஏது பெட்டி?

போறேன் என்றாள். வரேன் என்று சொல்லவில்லை. இத்தனை மாதத்தில், எத்தனை வருத்தத்திலும், குட்டி அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. இனி வராதவர்கள் சொல்லும் சொல் அது. அடித்தவனிடமே போகிறாள். நனைந்துகொண்டு, இழுத்துக்கொண்டு, இந்த வீட்டில் கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல முடியாமல் போகிறாள்.

"குட்டி!"

பாய்ந்தாள். கால் வழுக்கியது. தாழ்ப்பாளைப் பிடித்தாள். பாதி இழுத்தாள்.

நடையில் நாற்காலி நகர்ந்தது. தரையை உரசிக்கொண்டு, அவசரமில்லாமல். கொக்கி கழன்று விழுந்தது. இவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. தாழ்ப்பாள் இன்னும் கொஞ்சம்தான். இன்னும் விரல்கடை.

ஈரக் காலடிச் சத்தம். ஒன்று. இன்னொன்று.

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்து, தாழ்ப்பாளைப் பிடித்திருந்த கையின்மேல் படிந்தது. வெகுகாலம் தண்ணீரில் ஊறி வெளுத்து, நகம் வரை சுருங்கிய விரல்கள். நோகாமல், அன்பாகவே, அவள் கையையும் சேர்த்துத் தாழ்ப்பாளை உள்ளே தள்ளின.

"விடுங்க அண்ணி," என்றது குட்டியின் குரல், காதோரமாக. "போறவ போகட்டும்."

தெருவில் சக்கரச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. அவள் தோளின்மேல் ஈரக் கூந்தல் ஒன்று வந்து விழுந்தது. மார்பைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, தரையைத் தொட்ட பிறகும் அது சரிந்துகொண்டே இருந்தது.